குடிக்கு முன் அழுத்தமா, அழுத்தத்துக்கு முன் குடியா? ஆல்கஹால் – ஆக்ரோஷ ஆய்வில் வரிசைச் சிக்கல்

வைகறை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் இன்னும் போகவில்லை, அதற்குள் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும்.

கேள்வி இதுதான்: மன அழுத்தத்தில் இருப்பவருக்கு ஆல்கஹால் கொடுத்தால் ஆக்ரோஷம் கூடுமா, குறையுமா? படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1956-இல் காங்கர் முன்வைத்த பதற்றத்தணிப்புக் கருதுகோள், குடி பதற்றத்தைக் குறைக்கிறது என்கிறது. 1980-இல் லெவன்சன், ஷெர் குழுவினர் கிலோவுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்தபோதும் அழுத்தத்துக்கான உடல் எதிர்வினை தணிந்தது. ஆனால் 1990-இல் புஷ்மனும் கூப்பரும் 30 சோதனைகளைத் தொகுத்து, ஆல்கஹால் ஆக்ரோஷத்தைக் கூட்டவே செய்கிறது என்று முடித்தார்கள். பதற்றம் குறைந்த மனிதன் ஏன் அடிக்கப் போகிறான்?

என் திட்டம்: அழுத்தம் உண்டு / இல்லை, ஆல்கஹால் / பிளாசிபோ (மது போலத் தோன்றும் போலிப் பானம்) என்று நான்கு குழுக்கள். 21 முதல் 35 வயது வரை உள்ளவர்கள். முதலில் ட்ரையர் சமூக அழுத்தச் சோதனை (பிறர் முன் பேச்சும் மனக்கணக்கும்), பிறகு வோட்காவும் டோனிக்கும் 1:5 கலவையில், கடைசியில் டெய்லர் பணி (எதிராளிக்கு எவ்வளவு ஷாக் கொடுக்கிறார் என்று பார்த்து ஆக்ரோஷத்தை அளப்பது). இலக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம். வரிசை சரியா? அளவை எப்படிக் கணக்கிடுவது? பிளாசிபோ நிற்குமா?

அளவுகோல் எழுதியது:

வரிசைதான் முதல் சிக்கல். அளவையும் பிளாசிபோவையும் முன்னோட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். வரிசை தவறினால் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்றே சொல்ல முடியாது.

நீங்கள் படித்த இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஆல்கஹால் நேராகப் பதற்றத்தை அணைப்பதும் இல்லை, நேராகக் கோபத்தை மூட்டுவதும் இல்லை. கவனத்தின் அகலத்தைக் குறுக்குகிறது, அவ்வளவுதான். ஸ்டீலும் ஜோசப்ஸும் 1990-இல் இதை ஒருவகைக் கிட்டப்பார்வை என்றே அழைத்தார்கள். கண்ணெதிரே பளிச்சென்று நிற்பது மட்டும் மனதுக்குள் நுழையும். "இதைச் செய்தால் நாளைக்கு என்ன ஆகும்" என்கிற மங்கலான யோசனை வாசலிலேயே நின்றுவிடும். எதிரே சீண்டல் இருந்தால் கை ஓங்கும். எதிரே மனதை இழுக்கும் வேலை இருந்தால் கவலை மறந்துபோகும். ஒன்றுமே இல்லாமல் கவலையோடு தனியே உட்கார்ந்தால் கவலைதான் வளரும்.

இது வெறும் விளக்கம் அல்ல, சோதித்துப் பார்த்தது. அதே இருவர் 1988-இல் செய்த ஆய்வில், தன் உடல் தோற்றத்தில் பிடிக்காதவை பற்றிப் பேச வேண்டும் என்று பங்கேற்பாளர்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வைத்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் படங்களை மதிப்பிடும் வேலை கொடுக்கப்பட்டவர்களிடம் ஆல்கஹால் பதற்றத்தைக் குறைத்தது. சும்மா உட்கார்ந்தவர்களிடம் அதே ஆல்கஹால் பதற்றத்தை ஏற்றியது. ஆக்ரோஷப் பக்கத்தில் 2007-இல் ஜியான்கோலாவும் கோர்மனும் டெய்லர் பணியோடு சேர்த்து, திரையில் ஒளிரும் சதுரங்களின் வரிசையை நினைவில் வைக்கும் வேலையையும் கொடுத்தார்கள். போதையில் இருந்தவர்களின் ஆக்ரோஷம் பிளாசிபோ குழுவையும் விடக் கீழே போனது. நினைவு வேலையின் சுமை நடுத்தரமாக இருந்தால்தான் இந்தப் பலன். மிக லேசாகவோ மிகக் கனமாகவோ இருந்தால் பலன் தேய்கிறது.

இனி வரிசை. 1993-இல் சேயெட் சொன்ன விளக்கத்தைப் பாருங்கள். புதிதாக வரும் செய்தியைப் பழைய நினைவுகளோடு முடிச்சுப் போட்டு "இது ஆபத்து" என்று மதிப்பிடுவதைத்தான் ஆல்கஹால் குலைக்கிறது. ஆகவே முதலில் குடித்துப் பிறகு அழுத்தச் செய்தி வந்தால் அது முழுதாகப் பதியாது, தணிப்பு கிடைக்கும். அழுத்தம் முதலிலேயே வந்து உள்ளே வேர்விட்ட பிறகு குடித்தால் குலைக்க ஒன்றும் மிச்சமில்லை. மதிப்பீடு முடிந்துவிட்டது, கவனம் மட்டும் அதன்மேல் குவிகிறது.

உங்கள் திட்டத்தில் ட்ரையர் முதலில், பானம் பிறகு. பானம் குடிக்க 20 நிமிடம், ஏற இன்னொரு 20 நிமிடம். அதற்குள் அழுத்தச் சோதனை முடிந்து "அப்பாடா" என்று உட்கார்ந்திருப்பார்கள். டெய்லர் பணி தொடங்கும்போது நீங்கள் அளப்பது அழுத்தத்தில் இருப்பவரை அல்ல, அழுத்தம் நீங்கி ஆசுவாசமானவரை.

திட்டு வாங்கிவிட்டு வந்து குடிப்பவரைப் பற்றியா உங்கள் கேள்வி, குடித்துக்கொண்டிருக்கும்போது அழுத்தம் வந்து சேர்பவரைப் பற்றியா? இரண்டும் நல்ல கேள்விகள், ஆனால் வெவ்வேறு கேள்விகள். முதலாவது என்றால் அழுத்தம் குடிக்கும்போதும் முடியாமல் தொங்க வேண்டும்: "பேச்சு கடைசியில்தான்" என்று முதலிலேயே சொல்லி, டெய்லர் பணியை அதற்கு முன்னால் வையுங்கள். இரண்டாவது என்றால் ஆல்கஹால் ஏறிய பிறகே அழுத்தத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

நெல்லைச்சீமை எழுதியது:

அளவு பற்றி எழுதுகிறேன். குடித்த அளவையும் எடையையும் வைத்து ரத்த ஆல்கஹாலைக் கணிக்கும் விட்மார்க் சூத்திரத்தை நம்பி மருந்துச்சீட்டுப் போல எழுதிவிடாதீர்கள். அது முழு ஆல்கஹாலும் ஒரே நொடியில் ரத்தத்தில் சேர்ந்ததாக வைத்துச் சொல்லும் மேல் வரம்பு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆண், கிலோவுக்கு 0.8 கிராம். மொத்தம் 56 கிராம் எத்தனால். ஆண்களுக்கான கெழு (உடலில் ஆல்கஹால் பரவும் பங்கு) 0.68 என்று வைத்தால் சூத்திரம் சுமார் 0.12 சதவீதம் என்று சொல்லும். நடைமுறையில் மூச்சுக் கருவி காட்டுவது 0.08-ஐ ஒட்டித்தான் இருக்கும். குடிக்கும் நேரத்திலும் காத்திருக்கும் நேரத்திலும் கல்லீரல் மணிக்கு 0.015 சதவீதம் போலக் கழித்துக்கொண்டே இருக்கிறது, வயிற்றில் இருப்பது முழுதும் இன்னும் உறிஞ்சப்படவும் இல்லை. பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு, கெழு 0.55 போல. அதே இலக்குக்கு அளவைக் கிலோவுக்கு 0.7 கிராம் பக்கம் இறக்க வேண்டும். எடையைக் கேட்டு எழுதாதீர்கள், தராசில் ஏற்றி எழுதுங்கள்.

அடுத்து உங்கள் 1:5 வோட்கா. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 56 கிராம் எத்தனாலுக்கு 40 சதவீத வோட்கா சுமார் 177 மி.லி. வேண்டும். நம் ஊர்க் கணக்கில் 30 மி.லி. பெக் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஐந்து மடங்கு டோனிக் என்றால் 885 மி.லி., மொத்தம் ஒரு லிட்டரைத் தாண்டும். 20 நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னால் வயிறு உப்பும், சிறுநீர் முட்டும், சிலர் வாந்தி எடுப்பார்கள். 1973-இல் மார்லட் குழுவினர் 1:5 எடுத்தது, வேண்டிய அளவு குடித்துச் சுவை சொல்லும் பணிக்கு. அங்கே மொத்த அளவு பிரச்சினை இல்லை. இலக்கு 0.08-க்கு மேல் என்றால் ஆய்வகங்கள் 95 சதவீத எத்தனாலை ஆரஞ்சுச் சாற்றில் 1:5 கலக்கின்றன. அதே 56 கிராமுக்கு எத்தனால் 75 மி.லி., சாறு 375 மி.லி., ஆக மொத்தம் 450 மி.லி. மூன்று குவளையாகப் பிரித்து, குவளைக்கு 6 முதல் 7 நிமிடம் கொடுங்கள். வோட்காதான் வேண்டும் என்றால் 1:3-க்கு மேல் நீர்க்க விடாதீர்கள்.

டயட் டோனிக் வேண்டாம். சர்க்கரை இல்லாத கலவை வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்குவதால் அதே ஆல்கஹாலுக்கு மூச்சு அளவு கூடுதலாக ஏறும். எந்தப் பாட்டில் வாங்கினாலும் ஆய்வு முடியும்வரை அதே வகை.

பங்கேற்பாளர் வரும் முன் 4 மணி நேரம் உணவு கூடாது, 24 மணி நேரம் மது கூடாது. வந்ததும் ஊதச் சொல்லுங்கள், 0.00 இல்லை என்றால் வேறு நாள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம், அதுவும் ஒவ்வொரு முறையும். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் சேர்க்காதீர்கள். சர்க்கரை நோய், வலிப்பு, தலைக்காயம், ஆல்கஹாலோடு சேராத மாத்திரை, குடியை விட முயன்றுகொண்டிருப்பவர்: இவை எல்லாம் தொலைபேசி வடிகட்டலிலேயே நிற்க வேண்டும். குடித்தே பழகாதவரையும் சேர்க்கக் கூடாது. நீங்கள் கொடுக்கப்போகும் அளவை அவர் வாழ்க்கையில் எப்போதாவது தானாகக் குடித்திருக்க வேண்டும்.

கடைசி வாய் குடித்த உடனே கருவியில் ஊத வைத்தால் வரும் எண் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலின் எண். வாயைக் கொப்புளிக்கச் சொல்லி 15 நிமிடம் விட்டு அளவெடுங்கள்.

கூர்முனை எழுதியது:

பிளாசிபோ நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். "குடித்தேனா இல்லையா" என்ற ஐயத்தில் நிற்கும். "ஆல்கஹால் குழு அளவுக்கே போதையில் இருக்கிறேன்" என்ற இடத்தில் நிற்காது. இந்த வித்தியாசத்தை ஆய்வுக் கட்டுரையிலேயே நேராக எழுதிவிடுவது நல்லது.

எதிர்பார்ப்பின் பங்கைப் பிரிக்க மார்லட் குழு கொண்டுவந்த நான்கு கட்ட வடிவத்தில், "இதில் மது இல்லை" என்று சொல்லி மது கொடுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதே வடிவத்தை வைத்து 1975-இல் லாங் குழுவினர், மது குடித்ததாக நம்பியவர்களே அதிக ஷாக் கொடுத்தார்கள், உண்மையில் குடித்தார்களா என்பது பெரிதாக மாற்றவில்லை என்று கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளின் தொகுப்பு அந்த முடிவை அப்படியே தாங்கவில்லை. நம்பிக்கை மட்டும் போதவில்லை, மருந்தின் வேலையும் தெளிவாகத் தெரிந்தது. எப்படியும் உங்கள் இலக்குக்கு அந்தக் கட்டம் உதவாது. 0.04 தாண்டினாலே தலை லேசாகச் சுற்றும், உதடு மரத்ததுபோல் இருக்கும். "மது இல்லை" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே மூன்று நிலைகளாக வையுங்கள்: ஆல்கஹால், பிளாசிபோ, வெறும் சாறு என்று சொல்லியே கொடுக்கும் சாறு.

பிளாசிபோ குவளை எப்படித் தயாராகும் என்றால்: ஆல்கஹால் குழுவுக்குப் போகும் அதே மொத்த அளவுக்குச் சாறு. ஒவ்வொரு குவளையிலும் 4 மி.லி. எத்தனாலைச் சாற்றோடு கலந்து, இன்னொரு 4 மி.லி.-ஐக் கரண்டி முதுகின் வழியாக மேலே மிதக்க விடுவது. விளிம்பில் ஆல்கஹாலைத் தெளிப்பது. முதல் மூச்சிலேயே மூக்கில் ஏறும், முதல் வாயில் சுருக்கென்று கடிக்கும், மீதியை நம்பிக்கை பார்த்துக்கொள்ளும். வோட்கா பாட்டிலில் இருந்து ஊற்றிக் காட்டுவதானால், உள்ளே இருப்பது வாயு போன டோனிக்காக இருக்க வேண்டும். மூடி திறக்கும்போது "புஸ்" என்று சத்தம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ஊற்றுகிறவரும் பணியை நடத்துகிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது, நடத்துகிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியவே கூடாது. ஆல்கஹால் குழு ஊதும் ஒவ்வொரு முறையும் பிளாசிபோ குழுவும் ஊத வேண்டும், எண்ணை இரண்டு குழுவுக்கும் காட்டாதீர்கள்.

டெய்லர் பணிக்கு வருவோம். 1967-இல் வந்தது. பக்கத்து அறையில் எதிராளி இருப்பதாகச் சொல்லி, யார் முதலில் பொத்தானை விடுகிறார் என்று போட்டி. வென்றவர் தோற்றவருக்கு 1 முதல் 10 வரை ஒரு ஷாக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். எதிராளி என்று யாருமே இல்லை. வெற்றி, தோல்வி பாதிப் பாதியாக முன்பே எழுதி வைத்தது. இதை நிஜ வேகத்துக்கு விட்டால் போதையில் இருப்பவர் மெதுவாகி அதிகம் தோற்பார், அதிக ஷாக் வாங்குவார், அதனாலேயே திருப்பி அடிப்பார். ஆல்கஹாலை அளக்கவே முடியாமல் போகும்.

இன்னொரு பொறி வலிவாசல். ஷாக் அளவை ஒவ்வொருவருக்கும் தனியாக நிர்ணயிக்க வேண்டும்: லேசாகத் தொடங்கி, "வலிக்கிறது" என்று அவர் சொல்லும் இடத்தை 10 என்று குறித்து, மற்றவற்றை அதிலிருந்து கீழே இறக்குவது. இதைக் குடிப்பதற்கு முன் செய்துவிட்டால் வீண். ஆல்கஹால் வலியை மழுக்கும். அதே 10 குடித்தவருக்குச் சீண்டலாகவே தெரியாது. பானம் ஏறிய பிறகு, பணி தொடங்கும் முன் எடுங்கள். மின்முனைகள் எழுதாத கையின் இரண்டு விரல்களில், வியர்வையைத் துடைத்துவிட்டு.

முப்பது சொச்சம் சுற்று போதும். முதல் பாதியில் எதிராளி 1, 2 என்று லேசாக, இரண்டாம் பாதியில் 9, 10. எதிராளி எதுவும் செய்வதற்கு முன் பங்கேற்பாளர் முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சீண்டல் இல்லாத ஆக்ரோஷம் அது ஒன்றுதான். எதை மதிப்பெண்ணாக எடுப்பீர்கள் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்: ஷாக்கின் சராசரித் தீவிரமா, பொத்தானை அழுத்தியிருக்கும் நேரமா, இரண்டின் பெருக்கலா, 9-க்கு மேல் போன எண்ணிக்கையா? இந்த வகைப் பணியில் வெளியான கட்டுரைகளை ஜெர்மனியின் எல்சன் தொகுத்தபோது, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மதிப்பெண் முறைகள் கிடைத்தன. வேண்டிய முடிவு வரும்வரை முறையை மாற்றிக்கொண்டே போக முடியும் என்றால் அந்த முடிவை யார் நம்புவார்கள்?

வைகறை எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் கேள்வி இரண்டாவது வகை: குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும் அழுத்தம். ஆகவே முதலில் பானம், பிறகு ட்ரையர், பிறகு டெய்லர் என்று மாற்றுகிறேன். ஆனால் நேரக் கணக்கு இடிக்கிறது. ட்ரையர் முழுதாக 20 நிமிடம், டெய்லர் 20 நிமிடம், வலிவாசல் 5 நிமிடம். ரத்த அளவு உச்சி தாண்டி இறங்கும்போது அளந்தால் பரவாயில்லையா? அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலையும் எச்சிலில் எடுக்க நினைக்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 1997-இல் ஜியான்கோலாவும் ஜைக்னரும் ரத்த அளவை 0.08-இல் சமமாக வைத்து, ஒரு குழுவை ஏறும்போதும் இன்னொன்றை இறங்கும்போதும் டெய்லர் பணியில் உட்கார வைத்தார்கள். அளவு ஒன்றுதான், ஆனால் ஆக்ரோஷம் ஏறுமுகத்தில்தான் அதிகம். நீங்கள் பாதிப் பேரை உச்சிக்கு முன்பும் பாதிப் பேரை உச்சி தாண்டியும் அளந்தால் விளைவு கலங்கிப்போகும்.

முழு ட்ரையரை விட்டுவிடுங்கள். நேரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1993-இல் கிர்ஷ்பாம் குழு வகுத்த வடிவத்தில் பேச்சு 5 நிமிடம், பிறகு 1022-இல் இருந்து 13, 13-ஆகக் கழிப்பது 5 நிமிடம். தவறினால் "தவறு, 1022-இல் இருந்து தொடங்குங்கள்." போதையில் இருப்பவர் 996 வரை தட்டுத் தடுமாறி வருவார், 983 என்பதற்குப் பதில் 986 என்பார், மறுபடி முதலிலிருந்து. நிதானத்தில் இருப்பவரைவிட இரண்டு மூன்று மடங்கு முறை அவமானப்படலாம். அழுத்தம் இரண்டு குழுவுக்கும் சமம் இல்லாமல் போகிறது, அதுவும் நீங்கள் ஆராயும் மாறியாலேயே. கழித்தல் பகுதி வேண்டுமானால் பதில் எதுவானாலும் குறித்த நொடிகளில் குறித்த எண்ணிக்கைக்கு நிறுத்துங்கள். என் யோசனை, பேச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இப்படி வரலாம். வந்தது முதல் 45 நிமிடம் ஊதல், எடை, படிவங்கள். அடுத்து 20 நிமிடம் பானம். 15 நிமிடம் அமைதியாகக் காத்திருப்பு, கையில் கைபேசி இல்லாமல். முதல் அளவு. 0.06 தொட்டிருந்து, அடுத்த 5 நிமிடத்தில் இன்னும் ஏறியிருந்தால் வலிவாசல் எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் பேச்சைப் பற்றிச் சொல்வது. 3 நிமிடம் தயாரிப்பு, 5 நிமிடம் பேச்சு, "இன்னொரு பகுதி பிறகு வரும்" என்று தொங்கவிட்டு நேரே டெய்லர் பணி. சுற்றுகளுக்கு இடையே இடைவெளியைச் சுருக்கினால் 12 நிமிடத்தில் முடியும். முடிந்த உடனே இன்னொரு அளவு. பணிக்குப் பிறகு வந்த எண் பணிக்கு முன் வந்ததைவிடக் குறைந்திருந்தால் அவர் உச்சி தாண்டிவிட்டார், அந்தத் தரவைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கார்ட்டிசால் வேண்டாம் என்பேன். அழுத்தம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் அது எச்சிலில் உச்சம் தொடும், அதாவது உங்கள் பணி முடிகிற நேரம். 4 மணி நேரப் பட்டினி கார்ட்டிசால் எதிர்வினையை மழுக்கும், ஆரஞ்சுச் சாற்றின் சர்க்கரை அதைத் திரும்பக் கூட்டும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களிடம் அது தாழ்ந்திருக்கும், ஆல்கஹாலும் அதே ஹார்மோன் ஏற்பாட்டைத் தொடும். நான்கும் ஒன்றாகக் கலந்தால் எண் எதைச் சொல்கிறது என்று பிரிக்க முடியாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லாரையும் பிற்பகலிலேயே வரவழையுங்கள், காலையில் இயல்பாகவே அது உயர்ந்திருக்கும். இதயத்துடிப்பு மலிவு, நொடிக்கு நொடி கிடைக்கும்.

பதற்றமா, பயமா என்பதையும் பிரித்து யோசியுங்கள். விஸ்கான்சினில் மோபர்க்கும் கர்ட்டினும் 2009-இல், எப்போது வரும் என்று தெரிந்த ஷாக்குக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற ஷாக்குக்கும் திடுக்கிடலை அளந்தார்கள், கண் இமைக்குக் கீழே மின்முனை வைத்து. ஆல்கஹால் தணித்தது தெரியாத ஷாக்கின் பதற்றத்தை. தெரிந்த ஷாக்கின் பயத்தை அப்படித் தணிக்கவில்லை. "இன்னொரு பகுதி பிறகு வரும்" என்று நீங்கள் நேரம் சொல்லாமல் தொங்கவிட்டால் அது பதற்ற வகை, "12 நிமிடத்தில் வரும்" என்றால் பய வகை. எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தை அச்சடித்து வாசியுங்கள்.

வெண்கொக்கு எழுதியது:

டெய்லர் பணியை எல்லாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்பதைத் தவிர வேறு வழி கொடுக்காத இடத்தில் அடித்தார்கள் என்று எழுதுகிறோம். 1-ஐ அழுத்தினாலும் ஷாக் ஷாக்தான். டெடெஸ்கி, குவிக்லி இருவரும் 1996-லேயே இதை எழுப்பினார்கள். சிலர் அதைப் போட்டியாகவே எடுத்துக்கொண்டு, எதிராளியின் வேகத்தைக் கெடுக்க 10 அழுத்துகிறார்கள். அதில் கோபம் எங்கே?

செரெக்கின் புள்ளி பறிப்புப் பணியைப் பாருங்கள். ஒரு பொத்தானை 100 முறை அழுத்தினால் ஒரு புள்ளி, புள்ளிக்குக் காசு. இன்னொன்றை 10 முறை அழுத்தினால் எதிராளியிடமிருந்து ஒரு புள்ளி பறிபோகும், பறித்த புள்ளி நமக்கு வராது. ஷாக் இல்லை, அமைதியாகப் புள்ளி சேர்த்துக்கொண்டே இருக்கலாம். நெறிமுறைக் குழுவும் சீக்கிரம் விடும்.

கூர்முனை எழுதியது:

அடிக்காமல் இருக்கும் வழி இல்லை என்ற குறை நியாயம். அதற்காகத்தான் ஜார்ஜியாவில் ஜைக்னர் ஷாக்கே கொடுக்காமல் விடும் தேர்வோடு பணியை மாற்றி அமைத்தார். பூஜ்யம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வைகறைக்கும் அதையே சொல்வேன்.

புள்ளி பறிப்பிலும் ஒரு கசிவு உண்டு. பறிக்கும் பொத்தானை அழுத்தி முடித்தால் கொஞ்ச நேரத்துக்கு எதிராளி நம்மிடம் பறிக்க மாட்டான் என்பது அந்தப் பணியின் விதி. அப்படியானால் அழுத்துகிறவர் கோபத்தில் அழுத்துகிறாரா, காசைக் காப்பாற்ற அழுத்துகிறாரா? மேலும் ஒரு அமர்வு 25 நிமிடம் போல ஓடும், ஏறுமுகத்துக்குள் அடங்காது. இந்த ஆய்வுக்கு நேரமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

போட்டியா, கோபமா என்பதைப் பணி முடிந்ததும் கேட்டே தெரிந்துகொள்ளலாம். "எதிராளி எப்படி விளையாடினார்?", "அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" என்று திறந்த கேள்வியில் தொடங்கி, "அவர் அங்கே இருந்தார் என்று நம்பினீர்களா?" என்பதைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் நம்பியவரும் சந்தேகப்படத் தொடங்குவார். எதிராளி குடித்திருக்கிறாரா என்று பலர் கேட்பார்கள், பதிலை முன்பே முடிவு செய்து எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. விண்ணப்பத்தில் குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

0.08-இல் இருந்து 0.04-க்கு இறங்க, மணிக்கு 0.015 என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் போல ஆகும். 0.10 தொட்டவருக்கு நான்கு மணி நேரம். 0.04-க்கு மேல் யாரையும் வெளியே விடக் கூடாது, பல ஆய்வகங்கள் 0.03 என்று வைத்திருக்கின்றன. ஒரு மணிக்கு வந்தவர் ஏழு மணிக்குப் போகலாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் மணிக்கணக்கில் பணம் கொடுங்கள், இல்லையென்றால் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கிளம்பப் பார்ப்பார்கள். சோறு, தண்ணீர், படுக்க ஒரு சோபா, அரை மணிக்கொரு முறை ஊதல், ஆய்வகச் செலவில் டாக்சி. கார் சாவியை வந்ததுமே வாங்கி வையுங்கள்.

உண்மையைச் சொல்வது அளவு இறங்கிய பிறகு. போதையில் இருப்பவரிடம் "எதிராளி யாரும் இல்லை" என்று விளக்கினால் பாதி மறந்துபோகும், பாதி அவமானமாகத் தங்கும். பிளாசிபோ குழுவையும் சட்டென்று அனுப்பிவிட முடியாது. வெளியே போய்க் கதவருகே ஆல்கஹால் குழுக்காரரைச் சந்தித்தால் ஆய்வின் ரகசியம் அன்றே போய்விடும். ஒரு பிற்பகலுக்கு ஒருவர் மட்டும் என்று நேரம் ஒதுக்குங்கள்.

இலக்கை எட்டாதவர்கள் சிலர் வருவார்கள், 0.05-ஐத் தாண்டவே மாட்டார்கள். கூடுதல் குவளை கொடுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். கொடுக்கக் கூடாது. நெறிமுறைக் குழு அனுமதித்த அளவு அதுதான், வயிற்றில் எவ்வளவு இன்னும் உறிஞ்சப்படாமல் கிடக்கிறது என்றும் தெரியாது. அரை மணி கழித்து அது ஒன்றாகச் சேர்ந்து ஏறினால் உங்கள் சோபாவில் வாந்தியோடு படுத்திருப்பார். பணியை அவர் அளவிலேயே நடத்தி முடித்து, எண்ணைக் குறித்து, அவரை வைத்துக்கொள்வதா விலக்குவதா என்பதை தரவு வரும் முன்பே எழுதிப் பதிவு செய்த விதிப்படி செய்யுங்கள். வாந்தி எடுத்தவருக்கு அன்றே நிறுத்திவிட வேண்டும், முழுப் பணமும் கொடுத்து.